கோடு விழாத படம்

கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு மூன்றும் வீடியோ எடுப்பேன். மூன்றிலும் செத்தவீடுதான் எனக்குத் திறம். கலியாணவீட்டில் மாப்பிள்ளைக்கு வேர்க்கும், பொம்பிளை தன் இடப்பக்கத்தால் மட்டும் எடுக்கச் சொல்லுவா, சாமத்தியவீட்டில் பெரியபிள்ளையானவளை மறைத்துக்கொண்டு மாமிமார் குறுக்கே நிற்பார்கள். செத்தவர் ஒன்றும் சொல்லமாட்டார். அவருக்கும் சேர்த்துச் சொல்ல வெளிநாட்டில் ஆட்கள் இருப்பார்கள், அது வேறு கதை. இல்லை, அதுதான் இந்தக் கதை.

கோப்பாயில் ஒரு வீடு. வெங்காயமும் புகையிலையும் செய்து பிள்ளைகளை வளர்த்த ஒரு ஐயா, படுக்கையில் விழுந்து கனகாலம் கிடந்து இறந்துபோனார். இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவர் கனடா, இளையவர் லண்டன். கடைசிப் பெண் மட்டும் வீட்டில். ஐயாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்து, புண்ணுக்கு மருந்து போட்டு, அதற்கிடையில் தன் கலியாண வயதைத் தவறவிட்டவர் அவர். சொந்தக்காரர் எல்லோரும் இதைச் சொல்லும்போது ‘பாவம்’ என்ற ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்லுவார்கள். சொல்லிவிட்டு, அவர் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போவார்கள். எனக்கு அவர் அக்கா முறை இல்லை, ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

கமரா என்னுடையதல்ல. மூத்தவரை அக்கா பெரியண்ணை என்பார், நானும் அப்படியே எழுதுகிறேன். பெரியண்ணை தன் மகளின் கலியாணத்தை எடுத்து முடித்த கமராவை, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். ஐயாவுக்கு ஏதும் நடந்தால் அதில்தான் எடுக்க வேண்டும் என்பது கட்டளை. ஐயா அறைக்குள் உயிரோடு படுத்திருக்க, அவருடைய செத்தவீட்டுக் கமரா அலுமாரிக்குள் பெட்டியோடு படுத்திருந்தது. அக்கா கேட்டிருந்தது, ஐயாவைக் கக்கூசுக்குக் கொண்டுபோக ஒரு தள்ளு நாற்காலி. வந்தது கமரா.

இனி, அந்தக் கமராவில் இருந்த கோளாறைச் சொல்ல வேண்டும். கோளாறு என்பதும் பிழை, அது நல்ல கமரா. கனடாவில் கரண்ட் செக்கனுக்கு அறுபது தரம் துடிக்கும், எங்கள் ஊரில் ஐம்பது தரம். கமராவை அந்த அறுபதுக்கு ஏற்றபடி பூட்டி அனுப்பியிருந்தார்கள். ஊரைவிட்டுப் போனவர்களுக்கு இங்கே நேரம் வேறு என்பது தெரியும், மழைக்காலம் வேறு என்பது தெரியும். கரண்டும் வேறு என்று ஒருவரும் நினைப்பதில்லை.

கோப்பாயில் வெங்காயத்துக்கு இறைக்கிறவர்களுக்கு இது ஒரு விளக்கமும் தேவையில்லாத விசயம். இறைப்பு மெசின் விக்கி விக்கி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணி மாறுகிறவர் பாத்தி பாத்தியாக வாயை வெட்டித் திருப்பிக்கொண்டு போகிறார். அவசரப்பட்டால் ஒரு பாத்தி நனையும், அடுத்த பாத்தி காயும். ஒவ்வொரு பாத்தியிலும் மெசினின் ஒரு முழு விக்கலுக்கு நின்று போனால் எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவு தண்ணி. இந்தக் கமராவும் படத்தை ஒரேயடியாகப் பார்ப்பதில்லை. மேலேயிருந்து கீழே, வரி வரியாகத்தான் பார்த்துக்கொண்டு போகும். எல்இடி லைற் ஒரே சீராக எரிவதாக எங்கள் கண்ணுக்குத் தெரிந்தாலும், மலிவான லைற்றுகள் கரண்டின் ஒரு துடிப்புக்கு இரண்டு தரமாக, செக்கனுக்கு நூறு தரம் இமை வெட்டுகின்றன. கமரா ஒவ்வொரு வரியிலும் அறுபதில் ஒரு பங்கு செக்கன் நின்றால் கணக்கு இடிக்கும். இமை வெட்டிய இடமெல்லாம் கறுப்புக் கோடாகப் படத்தில் ஊரும். ஐம்பதில் ஒரு பங்கு நின்றால் ஒவ்வொரு வரிக்கும் சரியாக இரண்டு இமைவெட்டு, கோடு போய்விடும். கமராவின் மேலே இருக்கும் சின்னச் சில்லு ஒன்றைத் திருப்புகிற வேலை. வேறொன்றும் இல்லை.

அன்று மார்கழி மழை. முற்றத்தில் தறப்பாள் கட்டி, பகலிலேயே இருண்டு கிடந்ததால் உள்ளும் புறமும் எல்இடி லைற்றுகளைப் பூட்டியிருந்தார்கள். ஐயாவை நடு அறையில் கிடத்தியிருந்தது. கமராவிலிருந்து என் போனுக்கு, என் போனிலிருந்து வெளிநாட்டுக்கு லைவ் போகிறது. அந்த லைவுக்குப் பொறுப்பு பெரியண்ணை. யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே விடுவது, யாருடைய சத்தத்தை அடைப்பது எல்லாம் அவர் கையில். அவருடைய சத்தம் வீட்டில் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று ஒரு பெட்டி ஸ்பீக்கர் வைக்கச் சொல்லியிருந்தார். ஐயாவின் கால்மாட்டில் வைத்தோம்.

ஸ்பீக்கரில் முதலில் பெரியண்ணையின் அழுகை வந்தது. உண்மையான அழுகைதான், அதை நான் குறை சொல்லவில்லை. பிறகு அதே மூச்சில் வந்தது கேள்வி.

“தம்பி, ஐயாவின்ரை முகத்திலை என்ன கறுப்பா ஓடுது?”

ஐயாவின் நெற்றியிலிருந்து நாடிவரைக்கும் தடித்த கறுப்புக் கோடுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. லண்டனிலிருந்து இளையவரின் மனைவி, ஐயாவின் உயிர் வீட்டை விட்டுப் போக மனமில்லாமல் சுற்றுகிறது என்று சொல்லி அழுதா. நான் விசயத்தை விளக்கிக்கொண்டே சில்லில் கை வைத்தேன். படம் கொஞ்சம் வெளித்தது. அவ்வளவுதான், ஸ்பீக்கர் அதிர்ந்தது.

“நீர் என்ன செய்யிறீர்? கமராவிலை கை வைக்காதையும்! இதே கமராவிலைதான் என்ரை மகளின்ரை கலியாணம் எடுத்தது. ஒரு கோடு விழேல்லை. உங்கை லைற்றிலைதான் பிழை.”

“அண்ணை, கனடாக் கரண்ட் வேறை, இஞ்சத்தைக் கரண்ட் வேறை…”

“எனக்குக் கரண்ட் படிப்பிக்க வேண்டாம். இருந்த மாதிரி வையும். தங்கச்சி எங்கை? உவளைக் கூப்பிடும்.”

எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கவில்லை. அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் இல்லை. ஆனால் கமரா அவருடையது, லைவ் அவருடையது, செத்தவரும் அவருடைய தகப்பன். சில்லைப் பழையபடி திருப்பிவைத்தேன்.

அக்கா ஐயாவின் தலைமாட்டில், அவருடைய நெற்றியில் கை வைத்தபடி இருந்தார். எழும்பி வந்தார்.

“பிள்ளை, அந்த மூலை லைற்றை நிப்பாட்டு,” என்றது ஸ்பீக்கர். அக்கா நிறுத்தினார். கோடு போகவில்லை. “மற்றதையும் நிப்பாட்டு.” நிறுத்தினார். “இப்ப ஒண்டும் தெரியேல்லை, இருட்டாக் கிடக்கு. போடு, போடு.” போட்டார். “குண்டு பல்ப் இருக்கே வீட்டிலை? பழைய பல்ப்? அதைக் கொண்டுவந்து போடு, அதுக்குக் கோடு வராது.” மனிதருக்கு அதுவாவது தெரிந்திருந்தது. அக்கா மழைக்குள் மாட்டுக்கொட்டிலுக்கு ஓடி, சாணிப் புகை படிந்த பல்ப் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார். வெளியே கடைசிக் கிரியைக்குச் சுண்ணம் இடிக்கிறார்கள், திருப்பொற்சுண்ணம் படிக்கிறார்கள். பெற்ற தகப்பனுக்குச் சுண்ணம் இடிக்கிற நேரத்தில் மகள் கதிரையில் ஏறி நின்று பல்ப் பூட்டுகிறார். அவருடைய ஈரச் சீலையிலிருந்து சொட்டிய தண்ணி ஐயாவின் காலில் விழுந்தது. யாரோ ஒரு பெரியவர் அதைச் சால்வையால் துடைத்தார்.

ஒரு பல்ப்பால் என்ன செய்ய முடியும்? சுற்றிவர எல்இடி. கோடு கொஞ்சம் மங்கியது, போகவில்லை.

“உவளை ஒருக்கா விலகச் சொல்லும்,” என்றார் பெரியண்ணை, இந்த முறை எனக்கு. “அந்த வெள்ளைச் சீலை கண்ணைக் கூசுது. ஐயாவின்ரை முகம் இருண்டுபோகுது.”

அக்கா எனக்குச் சிரமம் தராமல் தானே விலகி வாசற்படியில் போய் நின்றார். அதற்குப் பிறகு ஐயாவின் தலைமாட்டில் கமராவும் நானும்தான் நின்றோம். அந்த இடம் எங்களுக்குரியது என்பது போல ஆட்கள் விலகி வழிவிட்டார்கள்.

வாய்க்கரிசி நேரம் இன்னும் மோசம். பெரியண்ணைக்குப் பதிலாக ஐயாவின் தம்பியாருடைய மகன் அரிசி போட்டார். போட்டு முடிய ஸ்பீக்கர் சொன்னது, “சரியா அந்த நேரம் பாத்து வாயிலை கோடு விழுந்திட்டுது. எனக்குப் போட்டதை நான் காணேல்லை. இன்னொருக்காப் போடட்டும்.” ஐயர் என்னைப் பார்த்தார். நான் ஐயரைப் பார்த்தேன். இன்னொரு தரம் போட்டார்கள். லண்டன்காரருக்கும் அதே குறை வந்தது, அவருக்கும் இன்னொரு தரம். கடைசியில் அக்காவின் முறை வந்தபோது, நேரம் போகிறது, மழை இறங்குகிறது, கெதியாகப் போடு பிள்ளை என்று ஐயர் அவசரப்படுத்தினார். அக்கா குனிந்தார், போட்டார், பின்னால் நின்றவர்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவருடைய கை ஐயாவின் வாயில் பட்டதா என்றுகூட எனக்குத் தெரியாது. கமராவில் அந்த இடத்தில் கோடு.

எங்கள் பக்கத்தில் பெண்கள் வாசலில் தெருப் படலையோடு நின்றுவிட வேண்டும், சுடலைக்கு வரக்கூடாது. இப்போது சில வீடுகளில் வருகிறார்கள் என்று கேள்வி, அந்த வீடு அந்தச் சில வீடுகளில் ஒன்றல்ல. படலையில் நின்று பார்த்தால் வயலுக்கு அப்பால் சுடலைக் கொட்டகையின் கூரை தெரியும். கடல் தாண்டி இருக்கிறவர் தகப்பனுக்குக் கொள்ளி வைப்பதைப் பார்க்கலாம். கூப்பிடு தூரத்தில் இருக்கிற மகள் பார்க்க வேண்டுமென்றால், அவரும் கனடாக்காரரைப் போலப் போனில்தான் பார்க்க வேண்டும்.

பாடையைத் தூக்கியபோது பெண்கள் ஒப்பாரி சொல்லிக்கொண்டு படலைவரை ஓடி வந்தார்கள். நான் கமராவோடு முன்னால் போக வெளிக்கிட்ட நேரம், அக்கா என் சேட்டுக் கையைப் பிடித்தார். முகம் வீங்கியிருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

“தம்பி, விறகு மூடமுதல் முகத்தை ஒருக்காக் கிட்டவாக் காட்டுங்கோ. காலமை தொடக்கம் லைற்றுக்குப் பின்னாலை ஓடினதிலை நான் ஐயாவின்ரை முகத்தை வடிவாப் பாக்கேல்லை.”

“காட்டுறன் அக்கா.”

“கோடு விழாமல்.”

“விழாது அக்கா. நான் பாத்துக்கொள்ளுறன்.”

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அக்காவின் போனில் லைவைத் திறந்து அவர் கையில் கொடுத்தா. அந்தப் போனில் எல்லாம் தமிழில்தான் வரும், ஐயாவும் வாசிக்கட்டும் என்று அக்கா அப்படி மாற்றி வைத்திருந்தார்.

போகிற வழியில், ஒரு மதகடியில் ஒதுங்கி நின்று சில்லை ஐம்பதுக்குத் திருப்பினேன். பெரியண்ணையிடம் கேட்கவில்லை. சுடலைக் கொட்டகையில் வெளிநாட்டு ஊர்ச்சங்கம் புதிதாகப் போட்டுக் கொடுத்த எல்இடி லைற்றுகள், வீட்டில் இருந்தவற்றைவிட மலிவானவை. அவற்றுக்குக் கீழே கமராவைப் பிடித்தேன். படம் அசையாத தண்ணி மாதிரி இருந்தது. ஒரு கோடு இல்லை. தொழில்காரனுக்கு வருகிற ஒரு கெட்ட சந்தோசம் உண்டு, செத்தவீட்டிலும் வரும். அது வந்தது.

சுடலைக்கு ஸ்பீக்கரைக் கொண்டு போகவில்லை. பெரியண்ணை இப்போது என் காதுக்குள் மட்டும்.

“பாத்தீரே? நான் சொன்னனான் எல்லே, வீட்டு லைற்றிலைதான் பிழையெண்டு. இஞ்சை பாரும், கண்ணாடி மாதிரி.”

“ஓம் அண்ணை,” என்றேன். வாயைக் கொடுத்து நேரத்தை வீணாக்க எனக்கு அங்கே விருப்பமில்லை.

ஐயாவைச் சிதையில் வளர்த்தினார்கள். ஐயர் மந்திரத்தைத் தொடங்கினார். அப்போது என் காதில் ஒப்பாரி கேட்டது. முதலில் நான் திடுக்கிட்டேன், சுடலையில் ஏது பெண்கள் என்று. பிறகு விளங்கியது. அக்காவின் போன். படலையில் அவரைச் சுற்றி நின்று பெண்கள் அழுகிற சத்தம், அவருடைய போன் வழியாக லைவுக்குள் வந்து, எல்லோருடைய காதிலும் விழுந்துகொண்டிருந்தது. பெரியண்ணை அந்தச் சத்தத்தை அடைத்தார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வந்தது. ஐயாவின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்க அக்கா திரையைத் தொட்டிருப்பார், தொட்டதில் அடைத்தது திறந்திருக்கும். திரும்ப அடைத்தார், திரும்ப வந்தது.

“உவளோடை பெரிய கரைச்சல். ஐயற்றை மந்திரம் ஒண்டும் கேக்குதில்லை,” என்றார். பிறகு சத்தம் ஒரேயடியாக நின்றது. “எடுத்து விட்டிட்டன்.”

“அண்ணை, ஆரை எடுத்தனீங்கள்?”

“தங்கச்சியைத்தான்.”

“அண்ணை, அவவைத் திரும்ப உள்ளுக்கு எடுங்கோ. முகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டவ. இப்ப மூடப் போகினம்.”

“பிறகு ரெக்கோடிங்கிலை பாக்கட்டும். எத்தினை வருசமா ஒவ்வொரு நாளும் பாத்த முகம்தானே. நாங்களெல்லே காணாதனாங்கள்.”

லைவ் என் போனில்தான் ஓடுகிறது. அதை நிறுத்தாமல் அக்காவுக்கு அழைக்க முடியாது. பக்கத்தில் நின்றவர்களிடம் போன் கேட்டேன். சுடலைக்கு வந்தவர்கள் மழைக்குப் பயந்து போன்களை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள், ஒருவரிடம் இருந்தது, அவருக்கு அக்காவின் இலக்கம் தெரியாது. விறகோடு நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். மழை வலுக்கிறது தம்பி, எடுத்து முடி என்றார் ஒருவர்.

எடுத்தேன். நான் வாக்குக் கொடுத்தபடியே கிட்டப் போய், ஐயாவின் முகத்தை நெற்றியிலிருந்து நாடிவரை நிறுத்திப் பிடித்தேன். சவரம் செய்த கன்னத்தில் சின்ன வெட்டுக்காயம் ஒன்று இருந்தது. கடைசியாக அவரை மழித்துவிட்டது அக்காதான். மூடியிருந்த இமைமயிர்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கனடாவில் பார்த்தார்கள், லண்டனில் பார்த்தார்கள், எனக்குப் பெயர் தெரியாத ஊர்களில் எல்லாம் பார்த்து, சின்னச் சின்னக் கைகூப்பிய படங்களாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வடிவாத் தெரியுது, வடிவாத் தெரியுது என்று பெரியண்ணை அழுதார். பிறகு விறகை வைத்து மூடினார்கள். தம்பியாருடைய மகன் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தார்.

கமராவைத் திருப்பிக் கொடுக்க வீட்டுக்குப் போனேன். வீடு கழுவி முடிந்திருந்தது. அக்கா தோய்ந்துவிட்டுத் தலையைத் துவட்டாமல் குசினி வாசலில் இருந்தார், சுற்றிவரச் சொந்தக்காரப் பெண்கள். போன் அவருடைய மடியில் கிடந்தது. அப்போதுதான் திரும்பத் திறந்து பார்த்திருப்பார், வெளிச்சம் இன்னும் அணையவில்லை. நின்ற இடத்திலிருந்தே என்னால் வாசிக்க முடிந்தது. ‘நடத்துபவர் உங்களை இதிலிருந்து நீக்கிவிட்டார்.’

“அவையளுக்கு வடிவாத் தெரிஞ்சுதோ தம்பி?”

“ஓம் அக்கா.” கமராவைத் தூக்கிக் காட்டினேன். “கமராவிலை இருக்கு. முகத்தைக் கிட்டவாத்தான் எடுத்தனான். இப்பவே காட்டுறன், பாருங்கோ.”

“எரிஞ்சு முடிஞ்ச முகத்தை இனிப் பாத்து என்ன தம்பி.”

“ஏன் பிள்ளை, நீ போனிலை பாத்துக்கொண்டெல்லே நிண்டனீ?” என்று கேட்டா ஒரு மாமி.

“பாத்தனான் மாமி. கடைசியிலை அந்தக் கோடு வந்து முழுக்க மறைச்சுப்போட்டுது.”

எனக்குப் பொறுக்கவில்லை. காலையிலிருந்து விழுங்கிக்கொண்டிருந்த கோபம் எல்லாம் வாய்க்கு வந்தது.

“கோடில்லை அக்கா! சுடலையிலை ஒரு கோடும் விழேல்லை. உங்கடை பெரியண்ணைதான் உங்களை…”

அக்கா மடியில் கிடந்த போனைக் கவிழ்த்து வைத்தார். அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். பெண்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

“கோடுதான் தம்பி,” என்றார்.